மழை நாளில் கடைக்குள் என்ன வேலை?



சென்ற தீபாவளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து என் மகளும் பேரனும் புவனகிரிக்கு வந்திருந்தார்கள். பேரன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். வந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை எப்படியிருக்கும் என்று நம் வட்டாரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. இரண்டு நாள் ஜன்னலில் உட்கார்ந்து தெருத் தண்ணீரைப் பார்த்த பையன் மூன்றாம் நாள் காலையில் என்னிடம் வந்தான். "தாத்தா, இந்த ஊர்ல மழை பெஞ்சா உள்ளேயே இருந்து செய்யறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான். சென்னையில் மழை என்றால் மாலுக்குப் போய்விடுவார்களாம். சினிமா, விளையாட்டு, சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழாம். நம் ஊரில் அப்படி என்ன இருக்கிறது?

"கிடங்கு இருக்குடா, வா" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் நிஜமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு குடையோடு வந்து நின்றுவிட்டான். சொன்ன சொல்லுக்காகக் கிடங்கைத் திறந்தேன். நோட்டு ஒன்றும் பென்சிலும் அவன் கையில் கொடுத்து, நான் மூட்டைகளை எண்ணிச் சொல்ல, அவன் எழுதினான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துவரம் பருப்பு கம்ப்யூட்டர் கணக்குப்படி 64 மூட்டை; தரையில் இருந்தது 61. மூன்று மூட்டை எந்தக் கடைக்குப் போய் எந்தப் பில்லில் ஏறாமல் விட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு மறுநாள் பிற்பகல் வரை ஆயிற்று. சுவரோரம் கிடந்த மிளகாய் வற்றல் மூட்டைகளில் இரண்டு அடியில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தன. அதைக் கண்டது நானல்ல, பையன்தான். "தாத்தா, இங்க ஒரு மாதிரி வாடை வருது" என்றான். வருஷக்கணக்காக அந்த நெடியிலேயே இருந்த என் மூக்குக்கு அது எட்டவில்லை.

அன்றிரவு படுத்தபோது இதை நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மழை நாளை நாம் எல்லோரும் வியாபாரம் இல்லாத நாள் என்றே கணக்கு வைத்திருக்கிறோம். பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நாலு பேர் சேர்ந்தால் சீட்டுக்கட்டு வந்துவிடுகிறது. சிலர் பதினோரு மணிக்கே பூட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். நானும் இதையெல்லாம் செய்தவன்தான்; பிறரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் மளிகைக்காரனுக்கு வருஷத்தில் கையில் ஓய்வென்று வந்து விழுவது இந்தச் சில மழை நாட்கள் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைகூட நமக்கு அரை நாள் வியாபாரம் உண்டு. அந்த நாட்களில் கடையின் உள்பக்கத்தைப் பார்க்காதவன் வேறு எந்த நாளில் பார்க்கப் போகிறான்?

என் தகப்பனார் காலத்தில் கடைக்குப் பலகைக் கதவு. மழை வலுத்தால் எட்டுப் பலகையில் ஐந்தை மாட்டிவிட்டு மூன்றை மட்டும் திறந்து வைப்பார். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு ஒரு பொட்டலம் ரவைக்கோ தீப்பெட்டிக்கோ மெழுகுவத்திக்கோ வருகிறவர் அவசரத்துக்கு வருகிறவர், அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவர் கட்டளை. உள்ளே எல்லோருக்கும் வேலை இருக்கும். இரண்டு பேர் கோணி ஊசியும் சணலுமாகக் கிழிந்த சாக்குகளைத் தைப்பார்கள். ஒருவர் புளியில் கொட்டையும் நாரும் எடுப்பார். பையன்களான எங்களுக்குப் பழைய செய்தித்தாளில் பை ஒட்டும் வேலை. பசை காய்ச்சுவது முதல் எங்கள் பொறுப்பு. தகப்பனார் நாள்வழியை எடுத்து வரிசையாகப் படிப்பார். கணக்குப்பிள்ளை பேரேட்டில் அந்த அந்தப் பற்றைத் தேடிச் சிவப்பு மையால் புள்ளி வைப்பார். புள்ளி விழாத பற்று எது, இரண்டு புள்ளி விழுந்தது எது என்று அன்று தெரிந்துவிடும். கடன் நோட்டில் ஆறு மாதமாக வரவே இல்லாத பேர்களை ஒரு தனித் தாளில் எழுதிக்கொள்வார். மழை விட்டதும் முதல் வசூல் அந்தத் தாளில் இருந்து தொடங்கும்.

பிற்பகலில் வேலை முடிந்தால் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்கு ஐம்பது கிராம் படிக்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. என் தகப்பனார் எப்போதும் ஆடுகளையே கேட்டு வாங்குவார். ஒரு புலியையும் அவசரப்பட்டுத் துரத்த மாட்டார். வழியை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருவார். அவர் வியாபாரமும் அப்படித்தான் இருந்தது.

இத்தனையும் அவரிடம் பார்த்தும் நான் கடைப்பிடிக்கவில்லை. அதற்கு விலை 2015-இல் கொடுத்தேன்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 10. அதற்கு முதல் நாள் 9-ஆம் தேதிதான் நம் மாவட்டத்தை அந்த மழை அடித்தது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது பலருக்கு நினைவிருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர்களின் கதியும் நினைவிருக்கும். உயிர் போன குடும்பங்களுக்கு முன்னால் என் நஷ்டத்தைப் பேசுவது கூச்சமாக இருந்தாலும், இந்த இதழ் வியாபாரிகளுக்கானது என்பதால் சொல்கிறேன். தீபாவளிச் சரக்கு சில்லறைக் கடைகளுக்குப் போனது போக, கார்த்திகை, மார்கழிக்கென்று வாங்கி வைத்தது கிடங்கில் நிறைய இருந்தது. பின்தெருவில் தாழ்வான இடத்தில் அந்தக் கிடங்கை வாடகைக்கு எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரவில் ஒன்றரை அடித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

சர்க்கரை மூட்டை நனைந்தால் என்ன ஆகும் என்று நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மூட்டை அப்படியே நிற்கும். கை வைத்தால் உள்ளே பொருள் இருக்காது. அடி வரிசை கரைந்து வெறும் சாக்காகித் துவளும்போது மேல் வரிசைகள் சரிந்து தண்ணீருக்குள் விழும். உப்பும் அப்படியே. பருப்பு ஊறிச் சாக்கைக் கிழித்துக்கொண்டு வரும். மைதா களியாகிவிடும். விடிந்ததும் கதவைத் திறந்து நான் நின்றபோது என்னிடம் இருபது வருஷம் மூட்டை தூக்கிய தொழிலாளி ஒருவர் பக்கத்தில் நின்றார். "போன மாசமே சொன்னேனே மொதலாளி, அடி வரிசையக் கட்டையில ஏத்திடலாம்னு. மழை விடட்டும் பாத்துக்கலாம்னீங்க" என்றார். மழை விடட்டும் என்று சொன்னது நான்தான். அதற்கு முன்பு இரண்டு மழை நாட்கள் வந்து போயிருந்தன. அவற்றை நான் என்ன செய்தேன் என்று நினைவுகூட இல்லை.

மொத்த நஷ்டம் 4 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியம் இருந்தது. பாலிசி கடையின் விலாசத்துக்கு எடுத்தது. நனைந்ததோ கிடங்கில். அந்தக் கிடங்கு விலாசம் பாலிசியில் இல்லை. சர்வேயர் மரியாதையான மனிதர். காகிதத்தில் அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடையில் நனைந்த கொஞ்ச சரக்குக்காவது வாங்கலாம் என்று பார்த்தால், இருப்புக் கணக்கு எங்கே என்றார்கள். நான் கடைசியாக இருப்பு எண்ணியது ஆடி மாதம். வாங்கிய பில்லையும் விற்ற பில்லையும் வைத்துக் கழித்துக் கூட்டி ஏதோ ஒரு தொகை வந்தது. கிடைத்தது கொடுத்த பிரீமியத்துக்கு ஆறுதல் என்று சொல்லத்தக்க அளவுதான்.

ஆகவே மழை நாளில் உள்ளே உட்கார்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டியிலிருந்து இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது. எல்லா இடத்து விலாசமும் அதில் இருக்கிறதா? புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? இருப்பு மதிப்புக்கும் பாலிசித் தொகைக்கும் எவ்வளவு தூரம்? இதில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு. கடையில் 20 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு பிரீமியத்தை மிச்சப்படுத்த 10 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு 4 லட்சம் நஷ்டம் வந்தால், 10 லட்சத்துக்குள்தானே இருக்கிறது என்று முழுசாகத் தரமாட்டார்கள். பாதிக்குத்தானே எடுத்தாய், பாதி வாங்கிக்கொள் என்று 2 லட்சம் தருவார்கள். 2021 ஏப்ரல் 1 முதல், ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள தொழில்களுக்கென்று பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி வந்திருக்கிறது. அதில் 15 விழுக்காடு வரை குறைவாக எடுத்திருந்தால் இப்படி வெட்டுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் இதற்குள் அடங்குகிறவர்கள்தாம். ஏஜெண்டை மழை விட்டதும் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் உங்கள் இருப்பு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எண்ணச் சொல்கிறேன்.

எண்ணியதைக் காகிதத்தில் எழுதி வைப்பதையும் வற்புறுத்துகிறேன். இளைஞர்கள் சிரிப்பார்கள், கணக்கெல்லாம் டாலியில் இருக்கிறது என்பார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறிய பிறகு நம் ஊர்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம்? அந்த நாட்களில் கம்ப்யூட்டர் ஒரு மரப்பெட்டிதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதிய இருப்பு, கைப்பேசியில் அட்டி அட்டியாக எடுத்த படம், இவை இரண்டும் இருந்தால் எந்த சர்வேயர் முன்னும் நிமிர்ந்து பேசலாம். நனைந்தபின் ஒன்று கவனியுங்கள்: அவர் வந்து பார்க்கும்வரை கெட்ட சரக்கை அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. தகவலை உடனே கொடுத்துவிட வேண்டும்.

நம் ஊருக்கு என்று தனியாக ஒரு சங்கதி உண்டு. வெள்ளாற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. சேலம் மாவட்டத்தில் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் பெருகினால், விருத்தாசலம் வழியே மணிமுக்தா நதி பெருகினால், எல்லாம் வெள்ளாற்றில் கூடிப் பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போகும் வழியில் நம்மைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வீராணம் தன் முழுக் கொள்ளளவான 47.5 அடிக்கு நெருங்கினால் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றில் உபரி நீரைத் திறப்பார்கள். நமக்கு வெயில் அடிக்கும், ஆற்றில் தண்ணீர் ஏறும். (என் பேரன் சென்னையில் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு 2004 முதல் இந்த வீராணத்திலிருந்துதான் போகிறது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.) வானொலியில் கனமழை, மிகக் கனமழை என்பதை நாம் ஒரே மாதிரிக் காதில் வாங்குகிறோம். வானிலைத் துறை கணக்கில் ஒரு நாளில் 6.5 செ.மீ. முதல் 11.5 வரை கனமழை. அதற்கு மேல் 20.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. முதல் சொல்லுக்கு அடி வரிசையைப் பார்த்துவிடுங்கள். இரண்டாவதற்கு உப்பு, சர்க்கரை, மைதாவை மேலே ஏற்றிவிடுங்கள். மூன்றாவதைக் கேட்டால் எண்ணுவதும் எழுதுவதும் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆட்களையும் அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். நான் சொல்லும் உள் வேலையெல்லாம் சாதாரண மழை நாளுக்குத்தான்.

சரக்கைப் பற்றி நாலு வார்த்தை. மூட்டையைத் தரையில் போடாதீர்கள், மரச்சட்டத்தின்மேல் போடுங்கள். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம் விடுங்கள். இதை எல்லோரும் அறிவோம், யாரும் செய்வதில்லை. இடம் இல்லை என்போம். அந்த இடைவெளியில் நின்று பார்க்க முடியாததால்தான் என் மிளகாய் கெட்டது. மழைக் காற்று வரட்டும் என்று கிடங்கு ஜன்னலைத் திறந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரக் காற்றை உப்பும் சர்க்கரையும் வெல்லமும் இழுத்துக்கொள்ளும்; மழையில் சாத்தி வைத்து, வெயில் நாளில் திறப்பதுதான் முறை. குத்தூசியால் ஒவ்வொரு அட்டியிலும் நடு மூட்டையைக் குத்திப் பாருங்கள். முன்னால் வந்தது முன்னால் போக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். புதிய லோடு வரும்போது பழையதை உள்ளே தள்ளிவிட்டு முன்னால் அடுக்குவது லோடு இறக்கும் அவசரத்தில் நடந்துவிடுகிறது. புரட்டிப் போட மழை நாளைவிட நல்ல நாள் கிடையாது.

நனைந்த மிளகாயையும் நிலக்கடலையையும் காயவைத்து நல்ல சரக்கோடு கலந்து தள்ளுவது ஒரு காலத்தில் வியாபார சாமர்த்தியமாக இருந்தது. நானே செய்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. பூஞ்சை பிடித்த மிளகாயிலும் கடலையிலும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழி செய்யும் என்று இன்று தெரிந்திருக்கிறது. காய்ந்தாலும் போகாது, சமைத்தாலும் முழுசாகப் போகாது. 2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கண்டு பயந்து நான் இதைச் சொல்லவில்லை. நம் கடையில் வாங்குகிறவர்கள் நம் தெருக்காரர்கள். பேரன் கண்டுபிடித்த இரண்டு மூட்டையையும் மறுநாள் குழி தோண்டிப் புதைத்தேன்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். மழைக்கு எலி உள்ளே வரும். எலிக்கும் வண்டுக்கும் என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எங்கிருந்தோ வாங்கி வைத்துக் கடைக்குள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரையில் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம். நம்மில் எத்தனை பேர் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கிறோம்? அடைத்த வீட்டுக்குள் அந்த வாயுவில் உறங்கிய குழந்தைகள் எழுந்திருக்காத செய்தி நம் நாட்டில் பல முறை வந்திருக்கிறது. உரிமம் பெற்ற புகைமூட்ட ஆட்கள் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது விதி. எலிக்குப் பொறி வையுங்கள். கதவின் கீழ்ச் சந்தைத் தகரத்தால் அடையுங்கள்.

தராசு முத்திரைத் தேதியைப் பார்ப்பது (மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, படிக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை), தேதி முடிந்த பாக்கெட்டுகளைத் தனியே எடுப்பது, 2025 செப்டம்பர் 22-இல் மாறிய ஜி.எஸ்.டி. விகிதங்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சரக்குக்கும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று சரிபார்ப்பது ஆகியவற்றை விரித்து எழுத வேண்டியதில்லை.

கூலியைப் பற்றி எழுத வேண்டும். மழை நாளில் நமக்கு வியாபாரம் குறைகிறது. மூட்டை தூக்குகிறவருக்கு அடுப்பே எரிவதில்லை. லாரி வரவில்லை என்றால் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. என் கடையில் 2016 முதல் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். மழை நாளில் வருகிறவர்களுக்கு அட்டி மாற்றவும், சாக்குத் தைக்கவும், சட்டம் போடவும் வேலை கொடுத்து அரை நாள் கூலியும் மதியச் சாப்பாடும் கொடுக்கிறேன். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "அண்ணே, நீங்க இப்படி ஆரம்பிச்சா எங்ககிட்டயும் கேப்பாங்க" என்றார். கேட்கட்டுமே! நாலு பேருக்கு அரை நாள் கூலி எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, ஒரே ஒரு சர்க்கரை மூட்டையின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மூட்டை எந்த மூலையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான். என் 4 லட்சத்து 30 ஆயிரத்தைக் காப்பாற்றக்கூடிய யோசனையை ஓசியில் சொன்னவரும் அவர்தானே.

நாள் முழுவதும் கிடங்கிலேயே இருக்கச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மேல் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். பேரனின் கேள்விக்குப் பதில் நம் வட்டாரத்தில் இருக்கத்தான் செய்கிறது; நாம்தான் மறந்துவிட்டோம். ஒன்று நூலகம். நம் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நம்முடையது. அதற்குப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன் 1892-இல் பிறந்தது சீர்காழியில், கொள்ளிடம் தாண்டினால் எட்டிப்பிடிக்கிற ஊர். உலகம் முழுவதும் நூலகத் துறையில் அவர் பெயர் தெரியும். சீர்காழிக்கு லோடு அனுப்புகிற நமக்குத் தெரியாது. கடைக்குச் சொத்து வரி கட்டும்போது அந்த ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். வருஷா வருஷம் காசு கொடுத்துவிட்டுச் சரக்கை எடுக்காமல் வரும் வியாபாரி நம்மைத் தவிர வேறு யார்?

மற்றொன்று சிதம்பரம் கோயில். பக்திக்குப் போகிறவர்கள் எப்படியும் போவார்கள். நான் சொல்வது மழைக்கு ஒதுங்குவதைப் பற்றி. நாலு கோபுர வாசலிலும் உள்பக்கச் சுவர்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அறுபது வருஷமாக அந்த வாசல் வழியாகப் போய் வருகிறேன். ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. அன்று மாலை பேரனோடு பஸ்ஸில் போனேன். கீழைக் கோபுர வாசலில் நுழையும்போது மழை மறுபடி பிடித்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். மேல் வரிசை இருட்டில் தெரியவில்லை என்று கைப்பேசி விளக்கை அடித்து அவன் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான். காலையில் மூட்டை எண்ணிய பழக்கம். முப்பதைத் தாண்டியதும் எங்கே விட்டோம் என்று தகராறு வந்து மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் ஒதுங்கி நின்ற பூக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே எங்களுக்கு எண்ணிக்கை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு ஆடு புலி ஆட்டம் கற்றுக்கொடுத்தேன். ஐம்பது கிராம் படிக்கல் இப்போது கடையில் இல்லை. பேட்டரிக் கட்டை மூன்றைப் புலியாக வைத்தோம். அவன் புலியைத்தான் கேட்டான். இரண்டு ஆட்டம் அவன் ஜெயித்தான்.

அவன் எழுதிய இருப்பு நோட்டு கிடங்கு வாசல் ஆணியில் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே நானும் ஆட்களும் மழைக்கு மழை தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். முதல் பக்கத்தில் "மல்லி 18 மூட்டை" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு மல்லிகைப்பூ வரைந்து வைத்திருக்கிறான். தாத்தா கிடங்கு நிறையப் பூ வைத்திருக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, நான் திருத்தவில்லை.